அந்த 400 லிட்டர் கறுப்புத் தண்ணீரை எங்கே விடுவது?

எங்கள் குடியிருப்பு பெங்களூரில் பேகூர் ரோட்டுப் பக்கம் இருக்கிறது. 240 வீடுகள். ஒரு நாளைக்குச் சேரும் ஈரக்குப்பை ஏறக்குறைய 200 கிலோ. 2016-ம் ஆண்டுத் திடக்கழிவு விதிகள் 100 கிலோவைத் தாண்டியவர்களைத் தனியாகப் பிரித்து, ஈரக்குப்பையை முடிந்தவரை வளாகத்துக்குள்ளேயே பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டன. கூட்டம் போட்டுப் பேசி ஒரு பயோகேஸ் பிளான்ட் வாங்கினோம். விற்றவர் கேஸைப் பற்றிச் சொன்னதெல்லாம் சரிதான். 200 கிலோ குப்பைக்கு 20 கன மீட்டர் போல வரும், அது 9 கிலோ சிலிண்டர் கேஸுக்குச் சமம் என்றார். வருகிறது. செக்யூரிட்டி, ஹவுஸ்கீப்பிங் ஆட்களுக்கு அதில்தான் சமையல்.

அவர் சொல்லாத, நாங்களும் கேட்காத விஷயம் ஒன்று உண்டு. குப்பையை அரைத்து, சம அளவு தண்ணீர் கலந்து உள்ளே விடுகிறோம். அந்த 400 கிலோவில் வாயுவாகப் போவது 25 கிலோ கூட இல்லை. மற்றதெல்லாம் மறுபக்கக் குழாய் வழியாகக் கறுப்பாக, மூக்கைக் குத்தும் நெடியோடு வந்துவிடும். ஸ்லரி என்கிறோம். குப்பை முழுக்க கேஸாகிக் காணாமல் போய்விடும் என்று நினைத்திருந்த கமிட்டியில் நானும் ஒருவன், ஆகவே யாரையும் குறை சொல்ல வரவில்லை.

முதல் ஆறு மாதம் அதை ஒரு தொட்டியில் சேர்த்து, ஞாயிற்றுக்கிழமை காலையில் மொத்தமாக எங்கள் எஸ்டிபிக்குள், அதாவது வளாகத்துச் சாக்கடைத் தண்ணீரைச் சுத்திகரித்து ஃப்ளஷுக்கும் தோட்டத்துக்கும் திருப்பும் நிலையத்துக்குள், திறந்துவிட்டுக்கொண்டிருந்தோம். “வெறும் கறுப்புத் தண்ணிதான் சார், எஸ்டிபி தாங்கும்” என்று ஆபரேட்டர் சொன்னார். தங்கவயல்காரர், பதினைந்து வருட அனுபவம், அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டோம். திங்கள், செவ்வாயில் கழிப்பறை ஃப்ளஷ் தண்ணீர் மஞ்சளாக வரும், வாடை அடிக்கும். வியாழன் வாக்கில் தெளியும். மறுபடி ஞாயிறு. இந்தத் தாளம் பிடிபடவே எங்களுக்கு நாலு மாதம் ஆனது. அப்புறம்தான் ஸ்லரிக்குள் என்ன இருக்கிறது என்று உட்கார்ந்து கணக்குப் போட்டேன். இதே முடிவை எடுக்க நிற்கும் மற்ற குடியிருப்புகளுக்கு, குறிப்பாக வாட்ஸாப்பில் என்னைக் கேட்டுக்கொண்டே இருக்கும் ஓசூர் ரோடு, சர்ஜாபூர் ரோட்டு நண்பர்களுக்கு, அந்தக் கணக்கைத்தான் இங்கே வைக்கிறேன்.

கணக்கின் மையம் நைட்ரஜன். சாணக்குழியோ பெரிய பிளான்ட்டோ, காற்றில்லாமல் செரிக்கும் நுண்ணுயிர்கள் கரிமத்தைத்தான் மீத்தேனாக மாற்றி வெளியே அனுப்புகின்றன. பருப்பு, தயிர், மீன், முட்டை என்று சாப்பாட்டில் இருந்த புரதத்தின் நைட்ரஜன் எங்கும் போவதில்லை. அம்மோனியமாக உடைந்து தண்ணீரிலேயே தங்கிவிடும். ஒரு கிலோ சமையலறைக் கழிவில் சுமார் 6 கிராம் நைட்ரஜன் என்று வைத்தால், எங்கள் 200 கிலோவில் 1.2 கிலோ. அது 400 லிட்டரில் கரைந்திருக்கிறது. லிட்டருக்கு 3,000 மில்லிகிராம், அதில் மூன்றில் இரண்டு பங்கு அம்மோனியம். சாதாரண வீட்டுச் சாக்கடைத் தண்ணீரில் மொத்தமாகப் பார்த்தாலே லிட்டருக்கு 50 முதல் 80 மில்லிகிராம்தான் இருக்கும்.

இன்னொரு விதமாகப் பார்ப்போம். ஒரு ஆள் ஒரு நாளில் கழிப்பறை வழியாக அனுப்பும் நைட்ரஜன் 9 கிராம் போல. எங்கள் வளாகத்தில் 850 பேர் என்றால் 7 முதல் 8 கிலோ. அதன் மேல் ஸ்லரியின் 1.2 கிலோ. 100 கன மீட்டர் சாக்கடையோடு ஒப்பிட்டால் 400 லிட்டர் என்பது அரை சதவீதம்கூட இல்லை. நைட்ரஜனில் பார்த்தால் புதிதாக 130 பேர் குடிவந்த மாதிரி. பெரிய நகரச் சுத்திகரிப்பு நிலையங்களிலும் இதே கதைதான். சேற்றைச் செரிக்கவைத்துப் பிழிந்தால் வரும் நீர் மொத்த ஓட்டத்தில் 1 சதவீதம் இருக்கும், நைட்ரஜன் சுமையில் 15 முதல் 20 சதவீதம் அதிலிருந்து வரும்.

சரி, இப்போது வழிகளைப் பார்க்கலாம்.

எல்லோருக்கும் முதலில் தோன்றுவது மண். உரம்தானே, தோட்டத்துக்கு ஊற்று. எங்கள் பி பிளாக் அக்கா ஒருவர் மொட்டைமாடித் தோட்டத்துக்கு ஒரு பக்கெட் வாங்கிப்போய், தண்ணீர் கலக்காமல் ஆசையாகக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றினார். மூன்றே நாளில் இலையெல்லாம் ஓரம் கருகிவிட்டது. ஸ்லரியின் பிஎச் 8 பக்கம் இருக்கும். அந்த நிலையில் அம்மோனியத்தில் ஒரு பங்கு அம்மோனியா வாயுவாகவே கரைந்திருக்கும், வேர் அதைத் தாங்காது. பத்து மடங்கு தண்ணீர் கலந்தால் செடி பிழைக்கும், செழிக்கவும் செய்யும். ஆனால் நம் வீட்டுச் சாம்பாரும் ஊறுகாயும் கொண்டுவரும் உப்பு இருக்கிறதே, அது தொட்டியில் தேங்கிக்கொண்டே போகும். மாதம் ஒரு முறை நல்ல தண்ணீர் விட்டுத் தொட்டியைக் கழுவிவிடாமல் இதைத் தொடர்ந்து ஊற்றக்கூடாது. பச்சையாகத் தின்னும் கொத்தமல்லி, கீரை வகைக்கு வேண்டவே வேண்டாம். சாதாரண வெப்பத்தில் நடக்கும் செரிமானம் எல்லாக் கிருமியையும் கொல்வதில்லை.

அதெல்லாம் சமாளிக்கலாம். சமாளிக்க முடியாதது பரப்பளவு. வருடத்துக்கு எங்களிடம் சேரும் நைட்ரஜன் சுமார் 440 கிலோ. புல்வெளி, பூச்செடி எல்லாம் சேர்த்து அரை ஏக்கர் தோட்டம் எங்களுடையது. ஒரு சதுர மீட்டருக்கு வருடம் 20 கிராம் என்று தாராளமாகக் கொடுத்தாலும் 40 கிலோவுக்கு மேல் அது குடிக்காது. பத்தில் ஒரு பங்கு. மீதியையும் அங்கேயே ஊற்றினால் அது நைட்ரேட்டாக மாறி நிலத்தடிக்குப் போகும். எங்கள் இரண்டு போர்வெல்லும் அந்தத் தோட்டத்தின் ஓரத்தில்தான் இருக்கின்றன.

விவசாயிகளிடம் கொடுக்கலாமே என்ற யோசனை ஒவ்வொரு கூட்டத்திலும் வரும். எனக்கும் பிடித்த யோசனைதான், கொஞ்ச நாள் அலைந்தும் பார்த்தேன். ஆனேக்கல், மாலூர் பக்கம் நிலம் இருக்கிறது. பாசனமுள்ள மல்பெரித் தோட்டத்துக்கு ஹெக்டேருக்கு வருடம் 350 கிலோ நைட்ரஜன் வரை சிபாரிசு செய்கிறார்கள். அந்தக் கணக்கில் மூன்று ஏக்கர் மல்பெரி எங்கள் ஸ்லரி முழுவதையும் எடுத்துக்கொள்ளும். மானாவாரி ராகி என்றால் ஹெக்டேருக்கு ஏறத்தாழ 50 கிலோதான், இருபது ஏக்கருக்கு மேல் வேண்டும். நிலம் கிடைக்காமல் போகவில்லை. லாரியில்தான் இடித்தது. 6,000 லிட்டர் லாரி நிறைய ஸ்லரி ஏற்றினால் அதில் இருப்பது 18 கிலோ நைட்ரஜன். 45 கிலோ யூரியா மூட்டை ஒன்றில் 20 கிலோவுக்குக் கொஞ்சம் மேலே இருக்கிறது. மானிய விலையில் அந்த மூட்டை 270 ரூபாய்க்குள் கிடைக்கிறது. ஒரு லாரி ஸ்லரி ஒரு மூட்டை யூரியாவுக்குக்கூட ஈடாகாதபோது, வாடகையை யார் தருவது? அங்கக விவசாயம் செய்பவருக்கு மதிப்பு வேறு, ஒப்புக்கொள்கிறேன். பொட்டாஷ், நுண்சத்து எல்லாம் கூட வருகிறது. ஆனாலும் வாடகை நம் தலையில்தான். மழைக்காலத்தில் வயலுக்குள் லாரி இறங்காது, செப்டம்பர், அக்டோபரில் அவர் “இப்ப வேணாம் சார்” என்பார், நம் பிளான்ட்டோ ஒரு நாளும் நிற்காது. இரண்டு மாத ஸ்லரியைச் சேர்த்துவைக்க 24,000 லிட்டர் மூடிய தொட்டி வேண்டும். திறந்த தொட்டியில் வைத்தால் அதிலிருந்து மீத்தேன் கிளம்பிக்கொண்டே இருக்கும். வளாகத்துக்குப் பக்கத்திலேயே பத்து நிமிடத் தூரத்தில் நிலம் வைத்திருப்பவர் கிடைத்தால் யோசிக்காமல் இந்த வழிக்குப் போங்கள். எங்களுக்குக் கிடைக்கவில்லை.

மண் வழியில் இன்னொரு சின்னக் கிளை உண்டு, அது எனக்கு எதிர்பாராத லாபம். சருகு. பிப்ரவரி, மார்ச்சில் தூங்குமூஞ்சி மரமும் மற்றதும் இலையுதிர்க்கும்போது எங்களுக்கு நாளுக்கு 30, 40 கிலோ காய்ந்த இலை சேரும். சருகில் கரிமம் அதிகம், நைட்ரஜன் குறைவு, அதனால்தான் அது தானாக மக்க மாதக்கணக்கில் எடுக்கிறது. ஒரு கிலோ சருகுக்கு ஒன்றரை, இரண்டு லிட்டர் ஸ்லரி தெளித்துப் புரட்டினால் குவியல் சூடாகி, வேகமாக மக்கும். ஸ்லரித் தொட்டியின் அடியில் தங்கும் கெட்டிச் சேறும் அதிலேயே போய்விடும். சருகுக் காலத்தில் 60, 70 லிட்டர் இப்படித் தீர்கிறது. மற்ற மாதங்களில் பத்து இருபது லிட்டர்.

அடுத்தது செடிகளை வைத்துச் சுத்திகரிப்பது. கல்வாழை, சம்பு, நாணல் நட்ட சரளைக்கல் படுகை. பார்க்க அழகாக இருக்கும், பூப்பூக்கும், மின்சாரம் அதிகம் வேண்டாம், கமிட்டிப் பெண்கள் எல்லோரும் இதற்குத்தான் கை தூக்கினார்கள். நானும் தூக்கியிருப்பேன். வேலை செய்வது செடி என்பதைவிட, கல் மேல் படிந்திருக்கும் பாக்டீரியாதான். அதற்குக் காற்று போவதற்கு ஒரு எல்லை இருக்கிறது. மேலிருந்து கீழே வடியும் வகைப் படுகையில் ஒரு சதுர மீட்டர் ஒரு நாளில் கையாளும் அம்மோனியா நைட்ரஜன் சில கிராம்தான். 6 கிராம் என்று நம்பிக்கையாக எடுத்தாலும் 1.2 கிலோவுக்கு 200 சதுர மீட்டர் வேண்டும். இரண்டரை பாட்மின்டன் கோர்ட். பேகூர் ரோட்டில் அந்த இடத்தின் விலை என்ன என்று யாரும் சொல்லவேண்டியதில்லை. ஸ்லரியின் மிதக்கும் துகளை நன்றாக வடிகட்டாமல் விட்டால் சரளை அடைத்துக்கொள்ளும், அப்புறம் கல்லை எடுத்துக் கழுவ வேண்டும். பள்ளி, ஆசிரமம், நகரத்துக்கு வெளியே ரிசார்ட் என்றால் இது நல்ல வழி.

பாசிக்குளத்தைப் பற்றி நீளமாகச் சொல்ல எதுவும் இல்லை. பாசி ஒரு சதுர மீட்டரில் நாளுக்கு ஒரு கிராம், ஒன்றரை கிராம் நைட்ரஜன் எடுக்கும், எங்களுக்கு ஆயிரம் சதுர மீட்டர் குளம் வேண்டும். ஸ்லரியின் கறுப்பு நிறம் வெளிச்சத்தை உள்ளே விடாது என்பதால் முதலில் பல மடங்கு தண்ணீர் கலக்கவும் வேண்டும். அசோலா வளர்க்கச் சொல்லி ஒருவர் வந்தார். காற்றிலிருந்தே நைட்ரஜனைப் பிடித்துக்கொள்ளும் துணைப் பாக்டீரியாவை இலைக்குள் வைத்துக்கொண்டு வாழும் செடி அது. அதற்கு நம் அமோனியா அவசியமே இல்லை. மாடு இருந்தால் அசோலா வளருங்கள்.

இப்போது தொழில்நுட்பக்காரர்கள் கொண்டுவரும் யோசனை: ஸ்லரிக்கென்றே தனியாக ஒரு சிறிய சுத்திகரிப்புத் தொட்டி. நிரப்பு, காற்று ஊது, நிறுத்து, தெளியவை, வடி என்று சுற்றிச் சுற்றி ஓடும் எஸ்பிஆர் வகை. ஐந்தாறு கன மீட்டர் தொட்டி போதும். எங்களுக்கு விலைப்புள்ளி கொடுத்தவர் எல்லாம் தானாக ஓடும் என்றார். இங்கேதான் நைட்ரஜன் கணக்கு உண்மையிலேயே உதவியது.

அமோனியாவை நைட்ரேட்டாக மாற்றுவது இரண்டு கை வேலை. நைட்ரோசோமோனாஸ் வகைப் பாக்டீரியா அதை நைட்ரைட் ஆக்கும், நைட்ரோஸ்பைரா போன்றவை அதை நைட்ரேட் ஆக்கும். ஒரு கிராம் நைட்ரஜனுக்கு 4.57 கிராம் ஆக்சிஜன் வேண்டும். 1.2 கிலோவுக்கு ஐந்தரை கிலோ. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஒரு கிலோ ஆக்சிஜன் கரைகிறது என்று எடுத்தால் ஐந்தரை யூனிட், அதாவது 50 ரூபாய்க்குள். மிஞ்சியிருக்கும் கரிமத்துக்கும் சேர்த்துப் பத்து யூனிட் போட்டுக்கொள்ளுங்கள். பயமுறுத்தும் செலவு எதுவும் இல்லை.

சிக்கல் காரத்தன்மையில் வருகிறது. இந்த மாற்றம் நடக்கும்போது அமிலம் உண்டாகிறது. ஒரு கிராம் நைட்ரஜனுக்கு 7.14 கிராம் சுண்ணாம்புக்கல் அளவு காரத்தன்மை செலவாகும். ஸ்லரி தன்னோடு பைகார்பனேட்டாகக் கொண்டுவருவது அதில் சரிபாதி. ஆகவே எதுவும் சேர்க்காமல் ஊதிக்கொண்டே இருந்தால் பாதி அமோனியா மாறியதும் பிஎச் சடாரென்று விழுந்து வேலை நின்றுவிடும். மீதிப் பாதிக் காரத்தை எங்கிருந்து எடுப்பது? மூட்டை மூட்டையாகச் சோடா போடலாம். அல்லது காற்றை நிறுத்தி, நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கும் வேறு பாக்டீரியாக்களுக்கு வாய்ப்புக் கொடுக்கலாம். அவை கிராமுக்கு 3.57 கிராம் காரத்தைத் திருப்பித் தருகின்றன. கணக்கு அழகாக நேராகிவிடும். ஆனால் அவற்றுக்குச் சாப்பாடு வேண்டும், சுலபமாகச் செரிக்கும் கரிமம். அதைத்தான் நாம் ஏற்கெனவே மீத்தேனாக்கி அடுப்பில் எரித்துவிட்டோமே! ஸ்லரியில் மிச்சமிருப்பது பாக்டீரியாவே வேண்டாம் என்று ஒதுக்கிய நார். எனவே வெளியிலிருந்து ஊட்ட வேண்டும். எங்கள் அளவுக்குத் தினமும் சுமார் 5 கிலோ வெல்லம் கரைத்து ஊற்றுவதற்குச் சமம். அதில் பாயசம் வைத்தால் 240 வீட்டுக்கும் ஆளுக்கொரு கரண்டி கொடுக்கலாம். அரைத்த குப்பையில் கொஞ்சத்தை டைஜெஸ்டருக்கு (கேஸ் உண்டாகும் தொட்டிக்கு) அனுப்பாமல் நேராக இங்கே திருப்பலாம், அதற்குக் கேஸ் குறையும். இதெல்லாம் செய்து முடித்த பிறகும் வெளியே வரும் தண்ணீர் தேநீர் நிறத்தில்தான் இருக்கும், சிஓடி (தண்ணீரில் மிச்சமிருக்கும் கரிம அழுக்கின் அளவு) லிட்டருக்கு நூற்றுக்கணக்கான மில்லிகிராம் இருக்கும், அதைக் கடைசியில் எஸ்டிபிக்குள்தான் விட வேண்டும். கடைசியில் அங்கேதான் போய்ச் சேரப்போகிறது என்றால் நடுவில் இந்தத் தொட்டி எதற்கு என்று கேட்டேன். விலைப்புள்ளி கொடுத்தவரிடமிருந்து அதற்குப் பதில் வரவில்லை.

பாதியில் நின்றுபோகிறது என்று சொன்னேனே, அந்தப் பாதியையே முதலாக வைத்து ஒரு முறை இருக்கிறது. அனமாக்ஸ். அமோனியாவையும் நைட்ரைட்டையும் சேர்த்து, ஆக்சிஜனும் இல்லாமல் கரிமமும் இல்லாமல் நேராக நைட்ரஜன் வாயுவாக்கும் பாக்டீரியா. இப்படி ஒன்று இருந்தாக வேண்டும் என்று எங்கெல்பர்ட் ப்ரோடா என்ற ஆஸ்திரிய வேதியியலாளர் 1977-ல் வெப்ப இயக்கவியல் கணக்கு போட்டே சொன்னார். 1990-களில் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரத்தில் அது கைக்குக் கிடைத்தது. 2002-ல் ராட்டர்டாமில் சேறு பிழிந்த நீருக்காக முதல் பெரிய தொட்டி கட்டினார்கள். ஸ்லரியின் இயல்பான காரம் பாதி அமோனியாவைத்தான் மாற்றவிடும், அனமாக்ஸுக்கும் அதே பாதிக்குப் பாதி கலவைதான் வேண்டும். ஊதும் காற்றில் 60 சதவீதம் மிச்சம், வெல்லமும் வேண்டாம். படித்தபோது எனக்குப் புல்லரித்தது, கமிட்டிக்கு ஒரு மணி நேரம் பாடமே எடுத்தேன். பிறகு அடுத்த பக்கம் படித்தேன். இந்தப் பாக்டீரியா ஒன்று இரண்டாக 11 நாள் போல எடுக்கும். ராட்டர்டாம் தொட்டி முழு வேகத்துக்கு வர மூன்று வருடத்துக்கு மேல் ஆனது. நைட்ரைட் கொஞ்சம் கூடினால் முடங்கும், 30 டிகிரிக்கு மேல் சூடு இருந்தால்தான் உற்சாகம், நம் டிசம்பர் குளிர் அதற்கு ஆகாது. தினமும் சோதனை பார்க்க ஆளும் கருவியும் வேண்டும். இந்தோரில் 2022-ல் திறந்த, நாளுக்கு 550 டன் குப்பை எடுக்கும் பயோ சிஎன்ஜி பிளான்ட் மாதிரி அளவு என்றால், நைட்ரஜனே டன் கணக்கில், அங்கே இந்த மிச்சம் லட்சங்களில் தெரியும். 400 லிட்டருக்கு இது கொசுவுக்குப் பீரங்கி.

ஆக, மிஞ்சியது நாங்கள் ஏற்கெனவே தப்பாகச் செய்துகொண்டிருந்ததே: எஸ்டிபி. தனித் தொட்டிக்கு எது இல்லையோ அது எஸ்டிபியில் கொட்டிக்கிடக்கிறது. 850 பேரின் சாக்கடையில் நாளுக்கு 80, 90 கிலோ சிஓடி வருகிறது. நைட்ரேட்டைத் தின்னும் பாக்டீரியாவுக்கு அது விருந்து. காரத்தன்மையும் அதோடு வருகிறது. 15 சதவீதக் கூடுதல் நைட்ரஜனை ஓரளவு நன்றாக ஓடும் எஸ்டிபி தாங்கிக்கொள்ளும், அது ஒரே சீராக வரவேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை. நாங்கள் ஞாயிற்றுக்கிழமை திறந்துவிட்டது ஒரு வார ஸ்லரி, 8 கிலோவுக்கு மேல் நைட்ரஜன். மொத்த வளாகத்தின் ஒரு நாள் சுமை ஒரே மணி நேரத்தில். ஆபரேட்டர் சொன்னது பொய்யும் இல்லை. எஸ்டிபி தாங்கும், மெதுவாகக் கொடுத்தால்.

அதனால் செய்த மாற்றம் சின்னது. ஸ்லரி முதலில் ஒரு தெளிவுத் தொட்டியில் ஒரு நாள் நிற்கிறது. அடியில் தங்கும் சேறு சருகுக் குழிக்கு. மேல் தெளிவு ஒரு சின்ன பம்ப் வழியாக மணிக்கு 15 லிட்டர் கணக்கில், சாக்கடை முதலில் சேரும் சமநிலைத் தொட்டிக்குள் போகிறது. சொட்டுநீர்ப் பாசன வால்வு வைத்துப் பார்த்தோம், பத்தே நாளில் அடைத்துக்கொண்டது. குழாயின் உள்ளே வெள்ளையாகக் கல் மாதிரி ஒன்று படியும், மெக்னீசியமும் அமோனியாவும் பாஸ்பேட்டும் சேர்ந்த உப்பு அது. நம் ஊர் போர்வெல் தண்ணீரின் கடினத்தன்மைக்கு அது இன்னும் வேகமாகவே வளரும். ஆகவே வளைவுகள் குறைந்த, கழற்றிக் கழுவக்கூடிய குழாயாகப் போடுங்கள்.

எஸ்டிபிக்குக் காற்று ஊதும் ப்ளோயரைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேலே இருக்கிறது. இங்கே காற்றழுத்தம் பத்து சதவீதம் குறைவு, தண்ணீரில் கரையக்கூடிய ஆக்சிஜனும் அதே அளவு குறைவு. 25 டிகிரியில் சென்னையில் லிட்டருக்கு 8.3 மில்லிகிராம் வரை கரையும், இங்கே ஏழரைதான். சென்னைக்குப் போட்ட ப்ளோயர் கணக்கை அப்படியே இங்கே கொண்டுவந்து வைத்திருந்தால், ஸ்லரி சேர்வதற்கு முன்பே அது மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும். ஸ்லரியைத் திருப்பும் முன் காற்று ஊதப்படும் ஏரேஷன் டேங்கில் ஆக்சிஜன் லிட்டருக்கு 2 மில்லிகிராம் நிற்கிறதா என்று காலையிலும் சாயங்காலமும் ஒரு வாரம் பாருங்கள். நிற்கவில்லையென்றால் இந்த வழிக்கு வராதீர்கள்.

இன்னொன்று சேற்றின் வயது, அதாவது பாக்டீரியா வாழும் சேறு எஸ்டிபிக்குள் எத்தனை நாள் இருக்கிறது என்பது. அமோனியாவைத் தின்னும் பாக்டீரியாக்கள் மெதுவாகப் பெருகுபவை. ஆபரேட்டர் ‘ஸ்லட்ஜ் ஜாஸ்தியாயிடுச்சு’ என்று வாரக் கடைசியில் பாதியை வெளியே தள்ளினால், கூடவே அவையும் போய்விடும். பத்து நாளாவது சேறு உள்ளே சுற்றுகிற மாதிரி, தினமும் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கச் சொல்லுங்கள்.

எங்கள் எஸ்டிபி பழைய வகை. காற்றில்லாமல் கலக்கும் தனி டேங்க் அதில் இல்லை. ஆகவே அமோனியா நைட்ரேட்டாகி அப்படியே நின்றது. சேற்றைத் தெளியவைக்கும் தொட்டியான கிளாரிஃபையரில் அடியில் கிடக்க வேண்டிய சேறு கட்டி கட்டியாக மேலே மிதந்து வந்தது. அங்கே நைட்ரேட் தானாக வாயுவாகி, குமிழி சேற்றைத் தூக்கிக்கொண்டு வருகிறது. எங்கள் அனுமதிப் பத்திரத்தில் அமோனியா நைட்ரஜன் 5, மொத்த நைட்ரஜன் 10 மில்லிகிராம் என்று போட்டிருக்கிறது. உண்மையைச் சொன்னால் ஸ்லரி வருவதற்கு முன்பும் அந்த இரண்டாவது எண்ணில் நாங்கள் தேறியதில்லை. இப்போதைக்கு ப்ளோயரை டைமரில் போட்டு இரண்டு மணி நேரம் ஓட்டி ஒரு மணி நேரம் நிறுத்துகிறோம். மிதக்கும் சேறு குறைந்திருக்கிறது, நைட்ரேட்டும் குறைந்திருக்கிறது, பத்துக்கு இன்னும் வரவில்லை.

இவ்வளவு மெனக்கெடுவது எதற்கு என்று கேட்பவர்களுக்கு 2024 கோடை ஞாபகம் இருக்கும். செடிக்கும் காருக்கும் நல்ல தண்ணீர் ஊற்றினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் சொன்ன வருடம். அன்று எங்கள் தோட்டமும் ஃப்ளஷும் எஸ்டிபி தண்ணீரில்தான் ஓடின. அந்தத் தண்ணீரைக் கெடுத்துக்கொண்டு கேஸ் மிச்சம் பிடிப்பதில் அர்த்தமில்லை. தண்ணீர் மிச்சம் பிடிக்கிறேன் என்று ஸ்லரியையே திருப்பிக் குப்பை அரைக்கப் பயன்படுத்தச் சொல்வார்கள். ஓரளவுக்குச் செய்யலாம். நாங்கள் பாதிக்குப் பாதி செய்கிறோம், அதனால் வெளியேறும் அளவு 300 லிட்டர் ஆகியிருக்கிறது. முழுக்கத் திருப்பினால் அமோனியா உள்ளே ஏறிக்கொண்டே போய், மீத்தேன் தரும் நுண்ணுயிர்களையே அமுக்கிவிடும். முதலில் கேஸ் குறையும், அப்புறம் புளிக்கும்.

ஸ்லரித் தொட்டி, டைஜெஸ்டர், எஸ்டிபி எதற்குள்ளும் ஆள் இறங்கக்கூடாது. ஹைட்ரஜன் சல்பைடு அழுகிய முட்டை வாடையோடு தொடங்கும், அளவு கூடினால் வாடையே தெரியாமல் மயக்கிவிடும். கமிட்டியில் யாராவது “அஞ்சு நிமிஷம்தானே, இறங்கிப் பார்க்கச் சொல்லுங்க” என்றால் பாதுகாப்பில்லாமல் சாக்கடை, கழிவுத் தொட்டிக்குள் ஆளை இறக்குவதைத் தடுக்கும் 2013-ம் வருடச் சட்டத்தை அவர் முன் எடுத்து வையுங்கள். தெளிவுத் தொட்டியைத் தரைக்கு மேலே, வெளியிலிருந்தே கழுவக்கூடிய மாதிரி கட்டியதற்குக் காரணம் இதுதான். பத்தாயிரம் ரூபாய் கூடுதல், யாரும் முணுமுணுக்கவில்லை.

புதிதாகக் கட்டும் வளாகமாக இருந்து, பில்டர் இன்னும் எஸ்டிபி போடாமல் இருந்தால், காற்றில்லாத கலக்கும் டேங்கோடு, ஸ்லரிக்கான 130 பேரையும் சேர்த்து அளவெடுக்கச் சொல்லுங்கள். பிற்பாடு செய்வதைவிட அப்போது செய்வது மிகவும் மலிவு. ஏற்கெனவே திணறும் எஸ்டிபி உங்களுடையது என்றால் பயோகேஸே வேண்டாம், இலையும் குப்பையும் சேர்த்து மக்கவைக்கும் கம்போஸ்ட்டுக்குப் போங்கள். கேஸ் கிடைக்காது, கறுப்புத் தண்ணீரும் வராது.

எங்கள் ஏஜிஎம், அதாவது ஆண்டுப் பொதுக்கூட்டம், அடுத்த மாதம். பழைய வடிகட்டித் தொட்டியில் ஒரு மிக்ஸரும் ஒரு சுழற்சி பம்பும் போட்டு அதைக் காற்றில்லா டேங்காக மாற்றுவதா, அந்தப் பணத்தில் கிளப் ஹவுஸுக்கு ஏசி போடுவதா என்பது நிகழ்ச்சி நிரலில் ஏழாவது. அக்கா மிக்ஸர் பக்கம் பேசுவதாகச் சொல்லியிருக்கிறார். அவருடைய கறிவேப்பிலை மறுபடி துளிர்த்துவிட்டது, இப்போது பத்து மடங்கு தண்ணீர் கலந்துதான் ஊற்றுகிறார்.